வாடகை வீட்டில் துர்நாற்றம்: காரணத்தைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்காரரைச் சரிசெய்ய வைத்ததும்

குழாய் ஒழுகுகிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் ஆள் அனுப்பிவிடுவார். சுவரில் விரிசல் என்றால் தானே வந்து தடவிப் பார்ப்பார். நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "நன்றாகக் கழுவி விடுங்கள், சரியாகிவிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதது, கைக்குப் பிடிபடாதது, அவர் வரும் நேரத்தில் இல்லாதது. அதனாலேயே அது குடியிருப்பவரின் சுத்தக்குறைவாகவோ மனப்பிரமையாகவோ ஆகிவிடுகிறது. எங்கள் படுக்கையறை நாற்றத்துக்கும் முதலில் அந்தக் கதிதான். அதை "இந்த மூலையில், இந்தக் குழாயில்" என்று விரல் வைத்துக் காட்டும் வரை கொண்டுபோன விதத்தை எழுதுகிறேன். இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும்.

அழுகிய முட்டையும் சாக்கடைச் சேறும் கலந்தது போன்ற வீச்சம் அது. படுக்கையறையில் மட்டும்தான் வந்தது. இரவு படுக்கப் போகும் நேரத்தில் லேசாகத் தொடங்கும்; விடியற்காலையில் தலைவலி வரும் அளவுக்கு ஏறும்; ஜன்னலைத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். ஒட்டினாற்போல் குளியலறை இருந்ததால் எல்லோரும் அதைத்தான் சந்தேகித்தோம்.

ஆனால் காரணத்தைத் தேடுவதற்கு முன் இரண்டு ஆபத்துகளை ஒதுக்கியாக வேண்டும். முதலாவது எரிவாயு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை என்றே சொல்லலாம். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மங்களை அதில் கலக்கிறார்கள். 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்து முந்நூறு பேர் வரை இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே இப்படிக் கலப்பதைச் சட்டமாக்கினார்கள். அந்தக் கந்தக வாடையும் சாக்கடை வாடையும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. தூக்கக் கலக்கத்தில் பிரித்தறிவது கடினம். எரிவாயு என்று சிறு சந்தேகம் வந்தாலும் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து, எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் வாடை அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை. இருந்தும் இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

இரண்டாவது மின்சாரம். சுவிட்ச் பெட்டிக்கோ பிளக் பாயிண்டுக்கோ அருகில் மீன் கவிச்சி அடித்தால் உள்ளே பிளாஸ்டிக் சூடேறி உருகத் தொடங்கியிருக்கலாம். அதை நாற்றப் பிரச்சினையாக நினைத்து நாள் கடத்தக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

தொலைபேசியில் சொன்னதும் வீட்டுக்காரர் நேரில் வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். வராமலே தட்டிக்கழிப்பவர்கள் நிறைய. ஆனால் அவர் வந்தது உச்சிப்பொழுதில். ஜன்னல்கள் திறந்திருந்தன. கூடத்தில் உட்கார்ந்து நலம் விசாரித்து, தண்ணீர் குடித்து, பிறகு படுக்கையறை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, தம்பி. முன்னால் இருந்தவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார். அலமாரியில் ஈரத்துணி வைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு வாடைக்குப் பழகிவிடும். ஒரே காற்றில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு முகர்ந்தால் பாதிதான் தெரியும். அதோடு அவர் வந்தது நாற்றம் இல்லாத நேரம். முன்னால் இருந்தவர்கள் சொல்லவில்லை என்பதும் உண்மையாகவே இருக்கலாம். அதற்கான விளக்கம் பிறகு தானாகக் கிடைத்தது.

அன்று முதல் ஒரு நோட்டு போட்டேன். நேரம், ஜன்னல் திறந்திருந்ததா, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியதா, மழையா வெயிலா, எந்த இடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டேன். அளவுக்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை ஒரு கணக்கு: பூஜ்யம் என்றால் இல்லை, மூன்று என்றால் அறையில் இருக்க முடியவில்லை. நம் மூக்கு பழகிப்போவதால், வெளியே போய்விட்டுத் திரும்பும்போது கதவைத் திறந்தவுடன் தோன்றும் முதல் எண்ணத்தையே எழுத வேண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் முன்கூட்டி எதுவும் சொல்லாமல் அறையைச் சுற்றிவரச் சொல்லி, அவர்கள் முகம் சுளித்த இடத்தையும் குறித்தேன். வந்தவர்கள் குளியலறைக்குப் போகவில்லை. எல்லோருக்கும் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியின் பக்கம்தான் முகம் கோணியது.

நாற்றம் வந்து வந்து போகிறது என்பதே ஒரு பெரிய துப்பு. எலியோ பல்லியோ செத்துக் கிடந்தால் நாற்றம் நாளுக்கு நாள் ஏறி, சில வாரங்களில் காய்ந்து அடங்கும், ஈக்கள் வரும், ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் முழுதாக மறையாது. சுவரில் பூஞ்சணம் பிடித்திருந்தால் மக்கல் வாடை வரும், முட்டை வாடை வராது; சுவரில் கை வைத்தால் ஈரமோ உப்புப் பூத்த திட்டோ தெரியும். எங்கள் சுவர் காய்ந்துதான் இருந்தது. வெந்நீர்க் கலனில் சில நேரம் பாக்டீரியா சேர்ந்து தண்ணீரே முட்டை நாற்றம் அடிக்கும். அப்படியானால் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போதுதான் வரும், விடியற்காலையில் தானாக வராது. இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தால் மிஞ்சுவது கழிவுநீர்க் குழாய்க் காற்று.

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் அளவு நூறு பங்கை எட்டினால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். எனவே பலமாக அடித்த வாடை திடீரென்று நின்றுவிட்டது என்பதற்காக நிம்மதி அடையக் கூடாது. வெளியே வந்துவிட வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் சிறு கசிவில் அந்த அளவு சாதாரணமாக வராது. என்றாலும் மலக்குழி, ஆள்நுழை குழிப் பக்கம் போகிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது.

அந்தக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது வெறும் தண்ணீர்தான். வாஷ்பேசினுக்கு அடியில் குழாய் வளைந்து மேலேறுகிறதே, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும். பொதுவாக 50 மில்லிமீட்டர் ஆழம். பிளம்பர்கள் டிராப் என்பது இதைத்தான். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலர் எஸ் வடிவ வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் அடிப்படை அதே தத்துவம். தண்ணீர் இருக்கும்வரை கதவு மூடியிருக்கிறது, வற்றினால் திறந்துவிடும். பயன்படுத்தாத குளியலறைத் தரையில் உள்ள டிராப் சில வாரங்களில் காய்ந்துபோகும். கழிவுக்குழாய்களுக்குக் காற்றுப்போக்காக மொட்டைமாடிக்குப் போகும் வென்ட் குழாய் அடைத்திருந்தால், மேலிருந்து வேகமாக இறங்கும் நீர் காற்றை இழுத்து, நிறைந்திருக்கும் டிராப்பையும் காலி செய்துவிடும். அப்போது ஏதோ ஒரு வடிகாலில் களக் களக் என்று சத்தம் கேட்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பால்கனி வடிகால் காய்ந்துதான் கிடந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டேன். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. படுக்கையறையில் எதுவும் மாறவில்லை. பிறகு குளியலறையில் ஒவ்வொரு வடிகாலின் வாயிலும் தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டி, இரவு முழுக்க விட்டேன். காலையில் பையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி முகர்ந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். எல்லாப் பைகளிலும் சோப்பு வாடைதான் இருந்தது. வடிகால்கள் அத்தனையும் மூடியிருந்த அந்த இரவிலும் படுக்கையறைக் கணக்கு மூன்று. குளியலறை நிரபராதி என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.

(இந்த இடத்தில் பலர் வடிகாலில் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் மாற்றி மாற்றிக் கொட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நாற்றத்தைப் போக்கப் போய் நுரையீரலைப் பொசுக்கிக்கொள்ள நேரும்.)

நோட்டைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தென்பட்டது. ஜன்னல் மூடியிருக்க, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிய இரவுகளில்தான் மூன்று. ஃபேனை நிறுத்திய இரவுகளில் பூஜ்யம் அல்லது ஒன்று. காரணம் எளியது. ஃபேன் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதற்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருந்தால் சந்து பொந்துகளைத் தேடி வரும். சந்து ஒரு கழிவுநீர்க் குழாயாக இருந்தால் வருவது சாக்கடைக் காற்று. அந்த ஃபேனும், இறுக்கமாக மூடும் புதிய ஜன்னல்களும் நாங்கள் குடிவருவதற்குச் சற்று முன்புதான் போடப்பட்டவை. முன்னால் இருந்தவர்களுக்கு நாற்றம் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அடுத்து டிஷ்யூ பேப்பரைச் சன்னமான கீற்றாகக் கிழித்து, ஃபேனை ஓடவிட்டு, அலமாரியைக் காலி செய்து அதன் மூலைகளில் காட்டினேன். சாக்கடைக் காற்றில் மீத்தேனும் இருக்கலாம் என்பதால் தீக்குச்சி, மெழுகுவர்த்தி எதுவும் கூடாது. மேல் தட்டுகளில் கீற்று அசையாமல் தொங்கியது. கீழ்த் தட்டின் இடது ஓரத்தில், பின்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடுக்கில், கீற்றின் நுனி என் பக்கமாக எழுந்து நின்றது. ஃபேனை நிறுத்தினால் தொய்ந்து விழுந்தது. போட்டால் மீண்டும் எழுந்தது. செல்பேசியில் அதைப் படம் பிடித்து வைத்தேன். பிறகு நடந்த எல்லாப் பேச்சிலும் அந்தச் சின்னக் காணொளிக்கு இருந்த பலம் என் வாதங்களுக்கு இருக்கவில்லை.

சுவருக்குள் என்ன இருக்கும்? மேல்வீட்டு அம்மாவிடம் விவரம் சொல்லி அவர்கள் படுக்கையறையைப் பார்க்க அனுமதி கேட்டேன். எங்கள் அலமாரி நிற்கும் அதே மூலையில் அவர்கள் வீட்டில் ஒரு சிறிய வாஷ்பேசின் இருந்தது. அடுக்கு வீடுகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குழாய் போவது வழக்கம். அப்படியானால் எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அங்கே வாஷ்பேசின் இருந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு அலமாரி அடித்திருக்கிறார்கள். எடுக்கும்போது குழாயை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

பலகையை நானே பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. செய்யவில்லை. வீட்டோடு சேர்ந்த மரவேலையும் சுவருக்குள் போகும் குழாயும் உரிமையாளருடையவை. அனுமதியில்லாமல் கை வைத்தால் அதன் பிறகு வரும் எந்தச் சேதமும் நம் தலையில் விடியும். அதேபோல் "சரிசெய்யாவிட்டால் வாடகை தர மாட்டேன்" என்ற பேச்சையும் எடுக்கவில்லை. எத்தனையோ இடங்களில் வாடகை பாக்கி என்பதே காலி செய்யச் சொல்வதற்குப் போதுமான காரணமாகிவிடும்; நம் பக்கம் இருக்கும் நியாயத்தை நாமே கெடுத்துக்கொள்வதாக முடியும். உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தவரிடம் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது. நான் நம்பியது வாடகை ஒப்பந்தத்தை. கட்டடம், குழாய், மின்கம்பி தொடர்பான பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருந்தது.

தொலைபேசிப் பேச்சை நிறுத்திவிட்டுக் கடிதம் எழுதினேன். அதன் முக்கியப் பகுதி இது:

"ஐயா, வணக்கம். படுக்கையறை அலமாரியின் கீழ்த் தட்டு, இடது மூலையிலிருந்து கழிவுநீர்க் குழாய்க் காற்று வருகிறது. ஜன்னலை மூடி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வருகிறது; நிறுத்தினால் குறைகிறது. நாள்வாரிக் குறிப்பும் காணொளியும் இணைத்திருக்கிறேன். எரிவாயு இணைப்புகளையும் குளியலறை வடிகால்களையும் சோதித்துவிட்டேன். அவற்றில் கசிவு இல்லை. மேல்வீட்டில் அதே மூலையில் வாஷ்பேசின் இருக்கிறது. இங்கேயும் முன்பு இருந்து எடுக்கப்பட்டிருந்தால், அதன் கழிவுக்குழாய் சரியாக மூடப்பட்டிருக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒப்பந்தப்படி இது கட்டடப் பழுது. எந்த நாளில் ஆள் வருவார் என்று இந்த வாரத்துக்குள் எழுத்தில் தெரிவித்தால் அறையை ஒழித்து வைப்பேன்."

"சகிக்க முடியவில்லை", "நரகமாக இருக்கிறது" போன்ற சொற்களை எழுதி எழுதி அடித்தேன். அவை உண்மைதான், ஆனால் கோபத்துக்குப் பதிலாகக் கோபம்தான் வரும். கடிதத்தைப் பார்த்ததும் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலை அவர் கண்ணில் பட வேண்டும். குழந்தையின் இருமலைப் பற்றி மட்டும் ஒரு வரி சேர்த்தேன். அதை விட்டுவிட மனம் வரவில்லை. கடிதத்தின் நகலை என்னிடம் வைத்துக்கொண்டு மின்னஞ்சலிலும் அனுப்பினேன். பதில் வராமலே போயிருந்தால் அதே நகலோடு உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்குப் போவதாக இருந்தேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

வீட்டுக்காரர் பிளம்பரோடு வந்தார். பிளம்பர் குளியலறையில் அமிலம் ஊற்றிக் கழுவத்தான் தயாராக வந்திருந்தார். அலமாரியை உடைப்பதற்கு வீட்டுக்காரருக்கு மனம் இல்லை. அவருடைய தயக்கமும் எனக்குப் புரிந்தது. எனவே பெப்பர்மின்ட் சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். பழைய பிளம்பர்கள் நெடுங்காலம் கையாண்ட முறை இது. மொட்டைமாடியில் வென்ட் குழாயின் வாயில் பெப்பர்மின்ட் எண்ணெயை விட்டு, மேலே சூடான தண்ணீர் ஊற்றி, வாயை ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். குழாய் முழுக்க அந்த மணம் பரவும். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளிவரும். ஊற்றியவர் வீட்டுக்குள் வரவே கூடாது. அவர் கையிலும் சட்டையிலும் ஒட்டிய மணம் சோதனையைக் கெடுத்துவிடும். முடிந்ததும் துணியை எடுக்க மறக்கக் கூடாது. வென்ட் அடைபட்டால் நன்றாக இருக்கும் டிராப்களும் வற்றும்.

இந்த முறை வீட்டை நான் தயார்செய்து வைத்திருந்தேன். எல்லா வடிகாலிலும் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஃபினாயில், ஊதுபத்தி, ரூம் ஃப்ரெஷ்னர் எதுவும் முந்தைய நாள் முதல் கிடையாது. ஜன்னல் மூடி, ஃபேன் ஓடியது. பிளம்பர் மாடிக்குப் போனார். வீட்டுக்காரரை வெளி வராந்தாவிலேயே நிற்கச் சொல்லி, மேலிருந்து ஊற்றிவிட்டதாகக் குரல் வந்து சிறிது நேரம் கழித்து நேராகப் படுக்கையறைக்கு அழைத்துப்போனேன். அலமாரிக் கதவை அவரே திறந்தார். குனிந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பெப்பர்மின்ட் அடிக்கிறது, தம்பி" என்றார். குளியலறையில் அந்த மணம் துளியும் இல்லை. அதன் பிறகு ஈரத்துணிப் பேச்சு எழவில்லை. பலகையைப் பிரிக்கச் சொன்னது அவர்தான்.

பின்பலகையைக் கழற்றியதும் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பி.வி.சி. குழாயின் வாய் தெரிந்தது. 40 மில்லிமீட்டர் குழாய். உள்ளே பழைய துணியைத் திணித்து, மேலே சிமெண்டைப் பூசி விட்டிருந்தார்கள். வழவழப்பான பி.வி.சி.யில் சிமெண்ட் சரியாக ஒட்டாது. காயும்போது சுருங்கவும் செய்யும். சிமெண்ட் வட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி, அதன் கீழ் விளிம்பில் கருப்பாக ஒரு கசிவுக் கோடு. துணியை இழுத்தபோது வந்த வீச்சத்தில் மூவரும் அறையை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

சிலிக்கானை அப்பி முடித்துவிடலாம் என்று பிளம்பர் ஆரம்பித்தார். நான் ஒப்பவில்லை. கழிவுக்குழாயை நிரந்தரமாக மூட வேண்டுமானால் அதே அளவு மூடியைச் சால்வென்ட் சிமெண்ட் என்ற பி.வி.சி. பசை போட்டு ஒட்டுவதே முறை. சுற்றியிருந்த சுவர்ப்பூச்சைக் கொத்தி, குழாயின் நுனியை நேராக அறுத்து, உள்ளும் வெளியும் துடைத்துக் காயவைத்து, மூடியைப் போட்டுத் திருகி அழுத்திப் பிடித்தார். ஒட்டு இறுகிய பிறகு ஃபேனை ஓடவிட்டு டிஷ்யூ கீற்றை மூடியின் விளிம்பு முழுக்கச் சுற்றிக் காட்டினோம். அசையவில்லை. பின்பலகையை முன்பு போல ஆணி அடித்து மூடாமல், அந்த இடத்தில் மட்டும் திருகாணி போட்ட சிறு கதவாக வைக்கச் சொன்னேன். பிறகு எப்போதாவது பார்க்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டியதில்லை.

செலவில் பாதியை நான் ஏற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். ஒப்பந்தத்தின் அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டு, பிளம்பருக்கு முழுப் பணத்தையும் அவரே கொடுத்தார். அன்று மாலை, செய்த வேலையை விவரித்து நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். என்ன பழுது, எப்படிச் சரியானது என்பது இருவரிடமும் எழுத்தில் இருக்கட்டும் என்று.

அறையில் நாற்றம் அன்றே நின்றது, அலமாரியில் நிற்கவில்லை. பிளைவுட்டும் துணிகளும் வாடையை உள்வாங்கி வைத்திருந்தன. சோப்புத் தண்ணீரால் துடைத்து, கதவுகளைத் திறந்தே போட்டு, துணிகளை மீண்டும் துவைத்த பிறகு படிப்படியாகப் போனது. நோட்டை உடனே மூடிவிடவில்லை. ஜன்னலை மூடி ஃபேனை ஓடவிட்ட இரவுகளில் தொடர்ந்து பூஜ்யம் விழும்வரை எழுதினேன்.

பிளம்பர் கருவிகளை எடுத்து வைக்கும்போது வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழ்வீட்டிலும் அதே மூலையில் வாஷ்பேசினை எடுத்து அலமாரி அடித்ததாகச் சொன்னார். அதே ஆள், அதே வேலை. அப்போதே இருவரும் இறங்கிப்போனார்கள். அங்கேயும் துணியும் சிமெண்டும்தான். அங்கே இருப்பவர்கள் எதையும் உணர்ந்திருக்கவில்லை. அந்தக் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இன்னும் பொருத்தப்படவில்லை. பொருத்துவதற்கு முன்பே குழாய்க்கு மூடி போட்டாயிற்று.